திரும்பி வராத பதினேழு ஃபோல்டர்கள்

“எந்த பொட்டாசியம்? எனக்கு ஒண்ணுமே வரலையே மேடம்!”

மூன்றாம் வார்டிலிருந்து சிஸ்டர் கமலா இப்படிச் சொன்னபோது நான் லேபில் நின்றுகொண்டிருந்தேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. புதன்கிழமை காலை, மணி ஒன்பதே முக்கால். என் கையில் ஒரு பாரம், அதாவது படிவம், இருந்தது. ‘செர்வர் முழுமையாக ரெஸ்டோர் செய்யப்பட்டது’ என்று எழுதி, லேபின் தலைமை அதிகாரி கையெழுத்துப் போட வேண்டிய பாரம்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே பத்தொன்பது வருஷம் ஐ.டி. பிரிவில் வேலை செய்து, ஓய்வு பெற்றுவிட்டேன். கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் இளையவர்கள் சிலர், பேக்கப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பாடங்களில் பெரியது இதுதான். இதை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

1. ஏன் பொட்டாசியம் வரவில்லை

முதலில் வேலை எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

லேபில் இரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரம், ஒவ்வொரு முடிவையும் ஒரு ஃபைலாக எங்கள் செர்வரில் போடும். எல்லா முடிவுகளும் ஒரு பெரிய ஃபோல்டரில் விழும். ஆபத்தான முடிவு என்றால் அதன் நகல் அந்தந்த வார்டுக்கென்று இருக்கும் தனி ஃபோல்டரிலும் விழும். வார்டுகள், ஐ.சி.யூ., டயாலிசிஸ், வெளிநோயாளி கிளினிக் என்று மொத்தம் பதினேழு. நான் எழுதிய ஒரு சின்ன புரோகிராம் அந்தப் பதினேழையும் ஐந்து விநாடிக்கு ஒரு தடவை பார்க்கும். ஃபைல் ஏதாவது விழுந்தால் உடனே எடுத்து, வார்டு கவுண்டரிலுள்ள ஸ்கிரீனில் சிவப்பாகக் காட்டி, மணி அடித்து, ஃபைலை வேறு இடத்துக்கு மாற்றிவிடும். அதனால் அந்தப் பதினேழு ஃபோல்டர்களும் எந்நேரமும் காலியாகவே இருக்கும். காலியாக இருந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

இது வருவதற்கு முன்னால் லேபில் இருப்பவர்களே வார்டுக்குப் போன் அடித்துச் சொல்வார்கள். “இனிமே போன் அடிக்க வேணாம் மிஸஸ், செர்வர் பாத்துக்கும்” என்று லேப் தலைமை அதிகாரி மிஸஸ் ரெஜினாவிடம் சொன்னவன் நான்தான்.

அந்த வாரம் திங்கட்கிழமை செர்வரில் இரண்டு டிஸ்க் ஒரே சமயத்தில் போய்விட்டன. புது செர்வர் வைத்து, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்திருந்த பேக்கப் நகலிலிருந்து எல்லாவற்றையும் ரெஸ்டோர் செய்தேன். செவ்வாய் மதியம் முடிந்தது. பேக்கப்பில் எத்தனை ஃபைல், ரெஸ்டோர் ஆனது எத்தனை ஃபைல் என்று பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. மொத்த அளவும் சரி. ஐம்பது ஃபைல்களைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரி. என் மேனேஜர் தேவராஜன் என் முதுகில் தட்டி, “குணா, நீ ஒரு ஆளு போதும்லா, இந்த ஆஸ்பத்திரிக்கு” என்றார். அன்று மாலை கான்டீனில் எல்லோருக்கும் தே தாரிக் டீ அவர் செலவு.

மறுநாள் காலைதான் பாரத்தில் கையெழுத்து வாங்க லேபுக்குப் போனேன்.

மிஸஸ் ரெஜினா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அதற்குள் அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எட்டு இருபதுக்கு மூன்றாம் வார்டு நோயாளி ஒருவருக்குப் பொட்டாசியம் ஏழுக்கு மேல் வந்திருந்தது. அப்படி வந்தால் வார்டில் உடனே இன்னொரு இரத்த மாதிரி எடுத்து அனுப்ப வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆகப்போகிறது, இன்னும் வரவில்லை. அதைக் கேட்கத்தான் போன் போட்டார். சிஸ்டர் கமலாவின் பதில்தான் நீங்கள் முதலில் படித்தது.

பொட்டாசியம் அந்த அளவுக்குப் போனால் இருதயம் எந்த நிமிஷமும் தடுமாறலாம். இது எனக்கே தெரியும். மிஸஸ் ரெஜினா கத்தவில்லை. எண்ணை இரண்டு தடவை சொன்னார், படுக்கை எண்ணைச் சொன்னார், “டொக்டரைக் கூப்பிடும், இப்பவே” என்றார். ஸ்பீக்கரில் நாற்காலி விழும் சத்தமும் ஓடும் சத்தமும் கேட்டது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். முப்பது வருஷமாக கெடாவில் எங்களோடு பேசிப் பழகியும், கோபம் வந்தால் அவருடைய வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

“குணா, உம்முடைய செர்வர் என்ன செய்யுது?”

2. மூன்று வரி

மேசைக்கு ஓடி வந்து செர்வரைத் திறந்தேன். புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. நிலை பச்சை. எந்தப் பிழையும் இல்லை. வார்டு ஃபோல்டர்கள் இருக்கும் இடத்துக்குப் போனேன்.

அங்கே ஒன்றும் இல்லை.

ஃபோல்டர்கள் காலியாக இருக்கவில்லை. ஃபோல்டர்களே இல்லை. பதினேழில் ஒன்றுகூட இல்லை.

தவறான இடத்தில் பார்க்கிறோமோ என்று வெளியே வந்து மறுபடி உள்ளே போனேன். பிறகுதான் உறைத்தது. ரெஸ்டோர் ஃபைல்களைக் கொண்டுவந்தது. ஃபைல் இல்லாத ஃபோல்டரைக் கொண்டுவரவில்லை. நான் எண்ணியது ஃபைல்களை. காலி ஃபோல்டரில் ஃபைல் பூஜ்யம். அதனால் கணக்கு நேராக வந்தது.

இயந்திரம் முடிவைப் போட இடம் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, தன்னுடைய லாக்கில், அதாவது நடந்ததைக் குறித்து வைக்கும் ஃபைலில், ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இரத்தத்துக்குப் போய்விட்டது. என் புரோகிராமும் ஃபோல்டரைத் தேடியிருக்கிறது. ஃபோல்டர் இல்லாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அதற்கு எழுதவே இல்லை. ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

பதினேழு ஃபோல்டர்களையும் உருவாக்க எனக்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று நிமிஷ வேலை.

அதற்குள் கமலா போன் செய்தார். “அண்ணே, பேஷன்ட் ஓகே. மருந்து போயிருச்சு. டாக்டரு பக்கத்துலயே இருக்காரு.”

மூச்சு விட்டேன். முடிந்தது என்றே நினைத்தேன். ஆனால் மிஸஸ் ரெஜினா என் பின்னாலேயே வந்து நின்றிருந்தார்.

“இது ஒண்டுதானோ?” என்றார். “நேற்று மத்தியானத்தில இருந்து வேற எத்தினை போகேல்ல?”

இயந்திரத்தின் லாக்கைத் திறந்தோம். ‘இடம் கிடைக்கவில்லை’ என்று மூன்று வரிகள். ஒன்று, இப்போது பார்த்த பொட்டாசியம். இன்னொன்று ஐ.சி.யூ. அங்கே டாக்டர் தானே கம்ப்யூட்டரில் முடிவைப் பார்த்து நேற்றே சிகிச்சை தொடங்கிவிட்டார்.

மூன்றாவது, கிளினிக். செவ்வாய் மாலை ஐந்து நாற்பது. ஆண், முப்பத்து நான்கு வயது. டெங்கி. பிளேட்லெட் பதினெட்டாயிரம்.

மிஸஸ் ரெஜினா கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஆள் வார்டில இல்ல, குணா. வீட்டுக்குப் போயிட்டுது.”

3. போனை எடுக்காத ஆள்

அவர் பெயரைச் சரவணன் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் காய்ச்சல். செவ்வாய் மாலை கிளினிக்குக்கு வந்து இரத்தம் கொடுத்திருக்கிறார். “ரிசல்ட் மோசமா இருந்தா கூப்பிடுவோம். கூப்பிடலன்னா நாளன்னைக்கு வாங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஷிப்ட் மாறி அந்த டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் அந்தச் சிவப்பு ஸ்கிரீனை நம்பி உட்கார்ந்திருந்தார்.

நானும் மிஸஸ் ரெஜினாவும் கிளினிக்குக்கு ஓடினோம். அங்கிருந்து அவருடைய கைபேசிக்கு அடித்தார்கள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஐந்து தடவை அடித்தும் அதே பதில். பதிவுப் பாரத்தில் வேலையிடம் என்ற இடத்தில் கூலிம் ஹைடெக் பூங்காவிலுள்ள ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் பெயர் இருந்தது.

டெங்கியில் ஒரு கொடுமை உண்டு. காய்ச்சல் விட்டதும் ஆள் தேறிவிட்டதாக நினைப்பார். உண்மையான ஆபத்து அப்போதுதான் ஆரம்பம். மிஸஸ் ரெஜினா இதை என்னிடம் சொல்லும்போதே, கிளினிக் போனை வாங்கித் தொழிற்சாலையின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன்.

தமிழ்ப் பெண் ஒருத்தி எடுத்தாள்.

“அவரா? இன்னிக்கு வேலைக்கு வந்துட்டாரு அண்ணே. எம்சி லீவு நேத்தோட முடிஞ்சிருச்சு. உள்ள கிளீன்ரூம்ல இருக்காரு.”

“வெளிய கூப்பிடும்மா, அவசரம்.”

“உள்ள தூசியே படக்கூடாதுண்ணே, ஹேண்ட்போன் கொண்டுபோக முடியாது. எல்லாம் லாக்கர்ல வச்சிட்டுத்தான் போவாங்க. பன்னெண்டரைக்கு ரேஹாட் விடுவாங்க, அப்பச் சொல்லட்டா?”

மணி பத்து இருபது. பன்னெண்டரைக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. அவர்களுடைய ஓய்வு நேரம் வரை ஒரு மனிதனின் உடம்பு காத்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. மிஸஸ் ரெஜினா போனை என் கையிலிருந்து பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“பிள்ளை, கவனமாக் கேளும். அந்த ஆளுக்கு உள்ளுக்குள்ள இரத்தம் கசியத் தொடங்கியிருக்கலாம். விழுந்தால் எழும்ப மாட்டார். உம்முடைய சூப்பர்வைசரை இப்ப ஓடிப்போகச் சொல்லும். நான் லைன்லயே நிக்கிறன்.”

நின்றோம். அந்தப் பக்கம் யாரோ மலாயில் உரக்கப் பேசுவது கேட்டது. கதவு திறந்து மூடும் சத்தம். பதினொரு நிமிஷம் ஆனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் இது எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண் திரும்பி வந்தாள். குரல் மாறியிருந்தது.

“மேடம், அவரு இடத்துல அவரு இல்ல.”

மிஸஸ் ரெஜினா என் கையைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அது ஒரு தடவைதான்.

மீண்டும் ஓடும் சத்தம். பிறகு அவள் அழுதுகொண்டே பேசினாள். கிளீன்ரூம் உடை மாற்றும் அறையில் பெஞ்சுக்குக் கீழே அவரைக் கண்டுபிடித்திருந்தார்கள். வயிற்று வலி தாங்காமல் வெளியே வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். வாந்தியில் இரத்தம். நினைவு இருந்தது. தொழிற்சாலை வேனிலேயே பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

மிஸஸ் ரெஜினா அந்த மருத்துவமனைக்குப் போன் போட்டு எங்களிடமிருந்த எண்கள் எல்லாவற்றையும் சொன்னார். வேன் வந்து சேரும்போது அங்கே ஆட்கள் தயாராக நின்றார்கள்.

4. டிக் போட்டது யார்

மேசைக்குத் திரும்பி, பேக்கப் மென்பொருளின் அமைப்பைத் திறந்தேன். குற்றவாளியைப் பிடிக்கப் போகிற கோபத்தோடுதான் திறந்தேன். மென்பொருள் விற்ற கம்பெனிக்கு என்ன எழுத வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது.

‘காலி ஃபோல்டர்களைத் தவிர்க்கவும்.’ பக்கத்தில் ஒரு டிக்.

யார் எப்போது மாற்றினார்கள் என்று மென்பொருள் குறித்து வைத்திருக்கும். அழுத்தினேன். மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. என் பெயர்.

ஞாபகம் வந்தது. ஒவ்வொரு நாளும் பேக்கப் அறிக்கை மஞ்சளில் வரும். ‘பதினேழு இடங்களில் தரவு இல்லை’ என்று பதினேழு வரிகள். தேவராஜன் கேட்பார், “ஏன் குணா, டெய்லி மஞ்சளா இருக்கு? மேலிடத்துல கேக்குறாங்க லா.” ஒருநாள் அமைப்பைத் தோண்டிப் பார்த்தபோது இந்த வசதி கண்ணில் பட்டது. காலி ஃபோல்டரை எதற்குக் காப்பாற்றுவது என்று நினைத்து டிக் போட்டேன். மறுநாள் அறிக்கை முழுப் பச்சை. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவும் ஞாபகம் வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

தேவராஜனிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“இங்க பாரு குணா. சாஃப்ட்வேர் புரோப்ளம்னு எழுதிடலாம். அது பொய் இல்ல, சாஃப்ட்வேர்தான விட்டுச்சு?”

“நான் விடச் சொன்னேன் பாஸ். அதான் விட்டுச்சு.”

“லாயர் பாத்து முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காத. அந்தக் குடும்பத்துக்கிட்ட மட்டும் போயிடாத. நான் சொல்றது உன் நல்லதுக்குத்தான்.”

அவர் கெட்டவர் இல்லை. அவரும் பயந்துபோயிருந்தார். நான் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கூலிமுக்குப் போனேன்.

5. வனிதா

சரவணனின் மனைவி வனிதா, சுங்கை லாலாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். பாலர் பள்ளியில் வேலை. பள்ளிச் சட்டையோடே வந்து ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் எங்கள் மருத்துவமனையிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து கும்பிட்டார்.

“நீங்கதான போன் பண்ணிச் சொன்னது? நீங்க மட்டும் சொல்லலன்னா என் வீட்டுக்காரரு...”

நான் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன்.

“உக்காருங்கம்மா. நான் ஒண்ணு சொல்லணும்.”

சொன்னேன். டிஸ்க் போனது, ரெஸ்டோர் செய்தது, ஃபோல்டர் வராதது, நான் டிக் போட்டது. முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ரிசல்ட் நேத்து சாயங்காலமே வந்துருச்சா?”

“வந்துருச்சும்மா. ஐஞ்சு நாப்பதுக்கு.”

“நேத்து ராத்திரி பூரா அவரு போன கையிலயே வச்சிருந்தேன். கூப்பிடலன்னா நல்லாருக்குன்னு அர்த்தம்னு டாக்டரு சொன்னாரு. யாரும் கூப்பிடல. நான் சாமிக்கு சூடம் ஏத்தினேன் அண்ணே. காலையில நான்தான் அவர வேலைக்குப் போகச் சொன்னேன்.”

பிறகு அவரே கேட்டார்.

“அது காலியாத்தான இருந்துச்சு? காலியா இருக்கிறத எதுக்கு வச்சிருக்கீங்க?”

“ஏதாச்சும் வந்தா விழறதுக்கு இடம் வேணும்ல. அதுக்குத்தாம்மா.”

“இப்ப சொல்றீங்க” என்றார். அவ்வளவுதான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து வந்தேன்.

சரவணன் ஒன்பது நாள் கழித்து வீட்டுக்குப் போனார். இப்போது நன்றாக இருக்கிறார். அவரை ஒருமுறை பாசார் சந்தையில் பார்த்தேன், கை கொடுத்தார். வனிதா பக்கத்தில் நின்றார், பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். குடும்பத்திடம் போனதற்கும் சேர்த்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த வருஷம் போனஸ் இல்லை. லேபில் மறுபடியும் போன் அடிக்கத் தொடங்கினார்கள். ஸ்கிரீனும் இருக்கும், போனும் இருக்கும் என்று மிஸஸ் ரெஜினா எழுதி ஒட்டினார். தேவராஜன் மறுப்புச் சொல்லவில்லை.

6. அதற்குப் பிறகு

தொழில்நுட்ப விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேக்கப் மென்பொருள்கள் எல்லாம் காலி ஃபோல்டரை ஒரே மாதிரி நடத்துவதில்லை. சில எடுக்கும். சில எடுக்காது. சில எடுத்து வைத்துக்கொண்டு, ரெஸ்டோரில் விட்டுவிடும். குறிப்பிட்ட வகை ஃபைல்களை மட்டும் எடு என்று வடிகட்டி போட்டால், அதில் தேறாத ஃபோல்டர் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஃபைல் எண்ணிக்கையைப் போலவே ஃபோல்டர் எண்ணிக்கையையும் தனியாக எழுதி வைத்து ஒப்பிடுங்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள், ஃபோல்டர் இல்லையென்றால் அது கத்தும்படி எழுதுங்கள்.

அடுத்த மாதம் நான் வேண்டுமென்றே ஒரு ரெஸ்டோர் செய்தேன். முழு செர்வரையும் வேறொரு கணினியில் கொண்டுவந்தேன். பதினேழு ஃபோல்டர்களும் வந்திருந்தன. முன்பென்றால் அத்தோடு எழுந்து போயிருப்பேன். இந்தத் தடவை வார்டு ஸ்கிரீன்களை அந்தக் கணினியோடு இணைத்து, மிஸஸ் ரெஜினாவிடம் சொல்லி, இல்லாத நோயாளி ஒருவரின் பெயரில் பதினேழு இடங்களுக்கும் பொய்யான ஆபத்து முடிவுகளை அனுப்பினேன். ஸ்கிரீனில் கண்டதும் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று எல்லா வார்டுக்கும் முன்பே சொல்லியிருந்தேன்.

ஒவ்வொன்றாகப் போன் வந்தது. “வந்துருச்சுண்ணே.” “டா சாம்பாய், என்சிக்” என்று மலாயிலும் அதையே சொன்னார்கள். “வந்துருச்சு.” தாளில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதினாறு கோடு. பதினேழாவது வரவில்லை.

வராதது கிளினிக்.

செர்வரில் பார்த்தேன், அனுப்பியாகிவிட்டது என்று பச்சை. நெட்வொர்க்கைப் பார்த்தேன், பச்சை. படி இறங்கிக் கிளினிக்குக்கு நடந்தேன். கவுண்டரில் அந்த ஸ்கிரீன் கறுப்பாக இருந்தது. அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டிலைச் செருகியிருந்தார்கள்.

“எத்தன நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

கவுண்டரிலிருந்த பெண் யோசித்தாள். “நேத்துல இருந்து இருக்கும்ணே. ஸ்கிரீன்லதான் ஒண்ணும் வரலையேன்னு...”

நான் குனிந்து கெட்டில் பிளக்கைக் கழற்றி, ஸ்கிரீனின் பிளக்கைச் செருகினேன். அது உயிர் பெற்றுச் சிவப்பாகி, மணி அடித்தது. அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். எனக்கும் தூக்கிவாரிப் போட்டது.

ஓய்வு பெறும் நாள் வரை, எந்த ரெஸ்டோருக்குப் பிறகும் அந்தப் பதினேழு இடங்களுக்கும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டுத்தான் பாரத்தை நீட்டினேன். நீங்களும் நடந்து போய்ப் பாருங்கள்.